சந்தனம் வைத்த போனும் முப்பது கால்மிதியும்

எனக்கு வயது எழுபத்திரண்டு. வளர்த்தது ஆறு பேரை. நான் பெற்றது நாலு, அக்கா விட்டுப்போன மகள் ஒன்று, கணவர் ஒன்று. அந்த ஆறில் கணவரை வளர்த்து ஆளாக்கத்தான் கூடுதல் காலம் பிடித்தது. சரியாக வளர்ந்து வந்த நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். இந்தக் கொப்பியில் ஒரு பக்கம் நிரம்ப ஒரு காலைப் பொழுது போய்விடுகிறது. அவசரம் ஒன்றும் இல்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நகர்வதைவிட என் கை வேகமாகத்தான் நகர்கிறது.

எழுதப் போவது என் தொழிலைப் பற்றி. நான் ஒன்லைனில் கால்மிதி விற்கிறேன். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு எத்தனை நிறத்தில் இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

முன்பு ஒரு கார்மெண்டில் கூட்டிப் பெருக்கினேன். தையல் மேசைகளுக்கு அடியில் விழுந்து கிடக்கும் வெட்டுத்துண்டுகளைச் சாக்கில் கட்டி வெளியே வைப்பதுதான் என் வேலை. அந்தத் துண்டுகளை இப்போது நானே சாக்குக் கணக்கில் வாங்கி, விரலளவாக வெட்டி, பழைய சாக்குத் துணியில் வரிசையாக வைத்துத் தைக்கிறேன். மிதித்தால் புல்லில் நிற்பது போல் இருக்கும். முதலில் சந்தையில் வைத்து விற்றேன். பிறகு மகனின் மகள், பத்தாம் வகுப்புப் படிக்கிறவள், எனக்குப் போனில் ஒரு பக்கம் திறந்து கொடுத்தாள். போனை அரிசி டின்னில் சாய்த்துவைத்து, கால்மிதி மேல் நானே ஏறி நின்று படம் எடுப்பேன். முதல் படத்தைப் பார்த்து ஒன்பது பேர் விலை கேட்டார்கள். அதில் நாலு பேர் கேட்டது என் சேலையின் விலை.

தொழில் நடந்தது வீட்டின் முன்னறையில். அந்த அறை மேல் இன்னொரு ஆளும் கண் வைத்திருந்தது. ஆள் என்றால் ஆள் இல்லை, என் மகனின் ஓட்டோ. அது வெளியே மழையில் நிற்கிறது என்று மகனுக்கு மனம் பொறுக்கவில்லை.

"அம்மா, நீங்க அந்த மெசினைப் பின்னால குசினித் தாழ்வாரத்துக்குக் கொண்டு போங்க. நான் செவுத்தை உடைச்சு ஒரு கேட்டைப் போட்டு ஓட்டோவை உள்ள விட்டுடுறேன்."

"ஏன், ஓட்டோவுக்குச் சளி பிடிச்சிருக்கா?"

"சீட்டெல்லாம் நனைஞ்சு போகுதும்மா."

"நான் தாழ்வாரத்துல நனைஞ்சா பரவாயில்லையா?"

மகன் தலையைச் சொறிந்தான். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். தீபாவளிக்குள் என் தொழில் நின்று பிடித்தால் முன்னறை எனக்கு. இல்லாவிட்டால் ஓட்டோவுக்கு. வாய்ப்பேச்சுத்தான், ஆனால் என் மகன் வாய்ப்பேச்சை மறக்கிறவன் இல்லை. அந்தக் குணம் என்னிடமிருந்து போனது.

அதற்கிடையில் ஆயுத பூசை வந்தது. மகன் ஓட்டோவைக் கழுவி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். நான் பார்த்தேன். என் ஆயுதம் மட்டும் என்ன குறைச்சல்? தையல் மெசினுக்குப் பொட்டு வைத்தேன். கத்தரிக்கோலுக்கு வைத்தேன். ஊசிக்கு வைக்க முடியாது, ஊசிப் பெட்டிக்கு வைத்தேன். கடைசியில் போன். கால்மிதியைத் தைப்பது மெசின் என்றால், விற்பது போன். அதை எப்படி விடுவது?

போனுக்கு நெற்றி எது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. திருப்பிப் பார்த்தால் முதுகின் மூலையில் இரண்டு கண். கண் இருந்தால் அதற்கு நடுவில் நெற்றி இருக்கத்தானே வேண்டும். சந்தனத்தைக் குழைத்து அங்கே தாராளமாக வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு மறுநாள் காலை வரை தொடவில்லை. பூசைக்கு வைத்த ஆயுதத்தை எடுக்கக் கூடாது. இரண்டு தரம் மணி அடித்தது. சாமிக்குத்தான் அழைப்பு என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் எடுத்தபோது சந்தனம் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. மிச்சத்தைத் துடைக்கவில்லை. சாமிக்கு வைத்ததை நாமே துடைப்பது சரியில்லை, தானாக உதிரட்டும். அப்படியே அன்று தைத்த கால்மிதியைப் படம் எடுத்துப் போட்டேன். அந்த மாதம் கிடைத்த சாக்கில் எல்லாம் காற்சட்டைத் துண்டு, சாம்பலும் கறுப்பும். ஆனால் போனில் பார்த்தால் கால்மிதி பொன்போல் மினுங்கியது. நடுவில் சிவப்பாக ஒரு வட்டம், விளக்கு ஏற்றியது போல.

எனக்குச் சந்தேகம் வரவில்லை. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்தான் ஆஸ்பத்திரியில் என் இடது கண்ணில் படர்ந்த வெள்ளையை எடுத்திருந்தார்கள். நிறமெல்லாம் கொஞ்ச நாளைக்கு வேறு மாதிரித் தெரியும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். சரி, கண் பழகுகிறது என்று நினைத்தேன்.

இரண்டு நாளில் இருபத்திரண்டு ஓடர். கொழும்பிலிருந்து, கலகெதரயிலிருந்து, பெயர் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம். பேத்தி அந்தக் கிழமை முழுக்க அவளுடைய சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். அதனால் குரலில் சொல்லுங்கள், நான் எழுத்துப் பார்க்க மாட்டேன் என்று நானே குரல் அனுப்பி, முகவரிகளைக் கேட்டு, மருமகளை எழுதவைத்து எல்லாவற்றையும் கூரியரில் போட்டேன். அதுவும் அந்த மாதம் தைத்து அடுக்கியிருந்ததில் ஆளுக்கொரு சாம்பல் கால்மிதி, வஞ்சகமில்லாமல்.

மூன்றாம் நாள் ஒரு சிங்கள நோனா, வசதியான அம்மா, கூப்பிட்டார். கடுகண்ணாவைப் பக்கம் வெளிநாட்டுக்காரர் தங்குகிற வீடு ஒன்று நடத்துகிறாராம். கார்மெண்டில் இருந்தவள், எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு.

"அம்மே, அந்தத் தங்க நிறத்துல எனக்கு முப்பது வேணும். எல்லாக் கட்டிலுக்குப் பக்கத்துலயும் போடணும். முதல்ல ரெண்டைக் கொண்டு வந்து காட்டுங்க" என்றார்.

முப்பது. போனை வைத்துவிட்டு வாசலில் நின்ற ஓட்டோவைப் பார்த்தேன். அதற்கு நிலைமை விளங்கியிருக்க வேண்டும், பேசாமல் நின்றது. மகன் வந்ததும் சொன்னேன்.

"முப்பதா? ஒரே ஆளா?"

"ஒரே ஆள். நீ கேட்டைப் போட வச்சிருக்கிற சீமெந்தை யாருக்காவது குடுத்துடு."

சனிக்கிழமை பேத்தி வந்தாள். வந்ததும் சேர்ந்துபோயிருந்த எழுத்துச் செய்திகளைப் பார்க்க உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, பாராட்டுக் கேட்கத் தயாரானேன்.

"அப்பாயி, இந்த அக்கா, 'படத்தில் பார்த்தது இது இல்லை' ன்னு அனுப்பியிருக்காங்க. நீங்க என்ன பதில் போட்டீங்க?"

"கும்பிடு."

"இவரு 'காசைத் திருப்பித் தாங்க' ன்னு கேக்கிறாரு. நீங்க தாமரைப்பூ அனுப்பியிருக்கீங்க."

"எழுத்து வந்தா பூ அனுப்புறது. மரியாதைதானே."

"இவங்க 'எங்களை ஏமாத்திட்டீங்க' ன்னு போட்டிருக்காங்க. அதுக்கு ரெண்டு இதயம்."

"ரெண்டா? ஒண்ணுதான் அமத்தினேன்."

எனக்குக் கோபம் வந்தது. தைத்தது என் கை, எடுத்தது என் போன், ஏமாற்ற எனக்கு என்ன வந்தது என்று கத்தினேன். பேத்தி ஒரு சாம்பல் கால்மிதியை எடுத்துத் தரையில் போட்டு, போனைப் பிடித்துப் பார்த்தாள். போனில் பொன். கீழே சாம்பல். மறுபடி போன், மறுபடி தரை. பிறகு போனைத் திருப்பினாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் மருமகள் குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தாள்.

"அப்பாயி கமெராவுக்குச் சந்தனம் பூசியிருக்காங்கம்மா."

மகனும் வந்து பார்த்தான். அவன் சிரிக்கவில்லை. சிரிக்காததுதான் எனக்குச் சுட்டது. "சரிம்மா, விடுங்க. தெரியாம நடந்தது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, முன்னறைச் சுவரை ஒரு தரம் கையால் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

அன்று பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருபத்திரண்டு பேருக்கும் என் குரலில் உண்மையைச் சொன்னேன். ஆயுத பூசை, சந்தனம், போனின் நெற்றி, ஒன்றையும் ஒளிக்கவில்லை. வேண்டாதவர்கள் திருப்பி அனுப்புங்கள், காசு வரும் என்றேன். ஆறு பேர் திருப்பினார்கள். மற்றவர்கள் சிரித்துச் சிரித்துக் குரல் அனுப்பினார்கள். கொழும்பில் ஒருவர், எங்கள் வீட்டில் குளிர்பெட்டிக்கும் சந்தனம் வைத்தோம், ஆனால் அது ஒன்றும் பொன்னாகத் தெரியவில்லை என்றார்.

ஆனால் முப்பது கால்மிதி நோனாவுக்குக் குரல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நேரே போனேன். அதுவும் எதில்? என் எதிரியான ஓட்டோவில். கடுகண்ணாவை ஏற்றத்தில் அது முக்கி முனகிக்கொண்டு ஏறியபோது எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. வெளியே காட்டவில்லை.

நோனாவுக்கு முன்னால் சாம்பல் கால்மிதியை விரித்து, கதையைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"சரி அம்மே, கதை நல்லா இருக்கு. ஆனா எனக்கு வேண்டியது அந்த நிறம்தான். உங்களால ஏலுமா?"

"ஏலும்" என்றேன். பக்கத்தில் நின்ற மகன் என்னைப் பார்த்தான். எப்படி ஏலும் என்று எனக்கும் தெரியாது.

திரும்பும் வழியிலேயே கார்மெண்டுக்கு விடச் சொன்னேன். அங்கே பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு, பிள்ளைகளை அணி அணியாகப் பிரிக்கிற இல்லச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் இல்லம், சிவப்பு இல்லம். இரண்டு சாக்கு வாங்கி ஓட்டோவின் பின் சீட்டில் ஏற்றி, நான் அதற்கு மேல் ஏறி உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். அன்றே மஞ்சளில் ஒன்று தைத்து, நடுவில் சிவப்பு வட்டம் வைத்து விரித்துக் காட்டினேன். படத்தில் இருந்தது அப்படியே வந்திருந்தது.

மருமகள் அதிகம் பேச மாட்டாள். பேசினால் வேலை வைப்பாள்.

"அத்தை, இது சந்தனப் பொட்டு மாதிரியே இருக்கே. இதை மிதிக்கிறதா?"

எல்லோரும் கால்மிதியைப் பார்த்தோம். அதன் மேல் நின்றிருந்த நான் மெல்ல இறங்கினேன்.

வட்டத்தை ஓரத்துக்குத் தள்ளி இன்னொன்று தைத்தேன். "இது பொட்டு இல்ல, சூரியன்" என்றேன்.

"பொங்கலுக்கு அவரையும்தானே கும்பிடுறோம்" என்றாள் மருமகள்.

அரை வட்டமாக வெட்டினேன். அதைப் பார்த்த மகன், கோயில் மணி மாதிரி இருக்கிறது என்றான். எனக்கு வெறுத்துப் போனது. நமக்குக் கும்பிடாத சாமான் ஒன்றுகூட இல்லையா என்று கேட்டேன். உட்கார்ந்து யோசித்தால் அப்படி ஒன்று கிடைப்பது கஷ்டம்தான்.

கோபத்தில், மிச்சமிருந்த சிவப்புத் துண்டுகளை ஓரம் மடிக்காமல், நுனி வெளியே நீட்ட நீட்ட வைத்து ஒரு வட்டம் தைத்துத் தூக்கி எறிந்தேன். பேத்தி அதை எடுத்துப் பார்த்தாள்.

"அப்பாயி, இது ரம்புட்டான்."

ரம்புட்டானேதான். அந்தப் பழம் போலவே சிவப்பு, உருண்டை, மேலெல்லாம் மயிர். நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து, ரம்புட்டானைக் கும்பிடுகிறவர்கள் யாராவது உண்டா என்று யோசித்தோம். யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. மகன் மட்டும், "ரம்புட்டான மிதிச்சா வழுக்குமேம்மா" என்றான். தோற்கப் போகிறவன் சொல்கிற சாக்கு என்று விட்டுவிட்டேன்.

அந்த ரம்புட்டானை மஞ்சள் கால்மிதியின் நடுவில் வைத்துத் தைத்தேன். நோனாவுக்குப் படம் அனுப்புவதற்கு முன் போனின் முதுகைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான். படத்தைப் பார்த்த நோனா, முப்பது போதாது, ஐம்பதாகத் தாருங்கள், வருகிறவர்கள் ஊருக்கு வாங்கிக்கொண்டு போவார்கள் என்றார். தீபாவளிக்கு முதல் நாள் கடைசிக் கட்டைக் கொண்டுபோய் இறக்கியது ஓட்டோதான். கூலி கொடுத்தேன். மகன் வேண்டாம் என்றான். ஓட்டோவுக்குக் கொடுக்கிறேன், உனக்கு இல்லை என்றேன்.

முன்னறை என்னுடையதாகவே இருக்கிறது. வென்றவள் கொஞ்சம் பெருந்தன்மையும் காட்ட வேண்டும். அதனால் மிஞ்சிய மஞ்சள் சிவப்புத் துண்டுகளைத் தார்ப்பாயின் மேல் வைத்துத் தைத்து, ஓட்டோவுக்கு ஒரு மழைச்சட்டை போட்டுக் கொடுத்தேன். மேலே ஏழு ரம்புட்டான். ஒரு சொட்டு மழை உள்ளே இறங்காது. ஸ்டாண்டில் மற்ற ஓட்டோக்காரர்கள் மகனைப் பழக்கடைக்காரர் என்று கூப்பிடுகிறார்களாம். அதற்கு நான் பொறுப்பில்லை.

அவ்வளவுதான். கை நோகிறது. பேத்தியைக் கூப்பிட வேண்டியதுதான். இந்தா, மகள், படிக்கிறதை வச்சிட்டு இங்க வா. இந்தக் கொப்பியை முதல்லருந்து வாசிச்சுக் காட்டு, எழுத்து பிழைச்சிருந்தா சிரிக்காம சொல்லு. உங்கப்பா வாசல்லதான் ஓட்டோ துடைக்கிறான். முன்னறை என்னுடையதுன்னு எழுதின இடம் வந்தா மட்டும் கொஞ்சம் சத்தமா வாசி.