ஒரே அண்டா, இரண்டு நாடு

விறகுக்கடை ஜெயம்மாளுக்குக் கோதண்டம் நாற்பத்தெட்டு ரூபாய் கடன்பட்டிருந்தான். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் கூட்டத்துக்குச் சோறாக்க வண்டி வண்டியாக விறகைக் கடனுக்கு இறக்கினான். அன்றைக்குப் பார்த்து மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஆக்கிய சோற்றை மாடுதான் தின்றது. முருகன் மயிலேறித் தப்பித்துக்கொண்டார். கடன் கோதண்டத்தின் தலைமேல் உட்கார்ந்துகொண்டது.

அதற்காக ஆளைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். கே.ஜி.கண்டிகையில் கூலிக்காரன் மகனாகப் பிறந்து, மூன்றாம் வகுப்பு வாத்தியாரோடு மனஸ்தாபப்பட்டு வெளியேறி, எச்சில் இலை எடுத்து, கடைசியில் திருத்தணி மலையடிவாரத்தில் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை போட்டவன். எவன் சிபாரிசும் இல்லை, எவன் முதலும் இல்லை. பி.ஏ. படித்தவர்கள் வேலைக்கு மனுப்போட்டுத் திரிந்த காலத்தில் அவன் நான்கு பேருக்குச் சம்பளம் கொடுத்தான். பெரும்பாலும் கொடுத்தான்.

"தீபாவளிக்குள்ள துட்டு வரலன்னா இந்தச் செப்பு அண்டா என் கொட்டாய்க்கு வந்துடும், சொல்லிட்டேன்," என்றாள் ஜெயம்மாள். அண்டா போனால் கடையே போன மாதிரி.

அந்த 1956ஆம் வருஷம் புரட்டாசியில்தான் வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஜப்பான், சிலோன் என்று அங்கங்கே இருந்த வாலிபர் மன்றங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பு வைத்துக்கொண்டு, திருத்தணி மன்றத்தையும் கூட்டுச் சேர்த்திருந்தன. பகலில் எல்லோரும் சேர்ந்து ஏரிக்கரைப் பாதைக்கு மண் சுமப்பது, சாயங்காலம் ஒருவர் பழக்கவழக்கத்தை மற்றவர் தெரிந்துகொள்வது என்று ஏற்பாடு. சுமந்த மண்ணில் பாதி வழியிலேயே சிந்தியது என்பது வேறு விஷயம்.

நம் ஊர் மன்றத்துக்குச் செயலாளர் ஸ்ரீகண்டன், பி.ஏ. படித்த குருக்கள் வீட்டுப் பிள்ளை. முகாம் சாப்பாட்டைக் கோதண்டத்திடம் ஒப்படைத்தார். இலைக்கு ஆறணா. கோதண்டம் மனசுக்குள் கடனை அடைத்தே விட்டான்.

மூன்றாம் நாள் ஸ்ரீகண்டன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "இனிமே ஒவ்வொரு நாட்டுக்காரரும் ஒரு நாள் அவங்களே சமைக்கப் போறாங்க. அன்னிக்கு உமக்கு ஓய்வு."

"ஓய்வு நான் கேட்டனா சாமி?"

"உலக சமாதானத்துக்கு வழிய்யா இது!"

சுவிட்சர்லாந்து உருளைக்கிழங்கை வேகவைத்தது. ஜப்பான் உப்பில்லாமல் சோறு பொங்கியது. எல்லோரும் சமாதானத்துக்காக முழுங்கினார்கள். கோதண்டத்துக்கு ஓரணா வரவில்லை. ஜெயம்மாள் வந்து அண்டாவை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் கோதண்டம் ஸ்ரீகண்டனைப் பிடித்தான். "நம்ம நாட்டுக்கு நாள் கிடையாதா சாமி?"

"உண்டே. கடைசியில இந்தியாவுக்கு ஒரு நாள்."

"இந்தியாவா? இத வேணுகிட்டயும் தங்கவேல்கிட்டயும் சொல்லிட்டீங்களா?"

ஸ்ரீகண்டன் முகம் சுருங்கிவிட்டது. திருத்தணி ஆந்திராவுக்கா மதராஸுக்கா என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்த நேரம். மன்றத்துத் தெலுங்குப் பையன்களுக்கு வேணு தலைவன், தமிழ்ப் பையன்களுக்குத் தங்கவேல். வெளிநாட்டுக்காரர்களோடு தோளில் கைபோட்டு நடப்பவர்கள், தங்களுக்குள் ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார்கள். ஆக, ஆந்திரத்துக்கு ஒரு நாள், தமிழ்நாட்டுக்கு ஒரு நாள் என்று முடிவானது. சமையல் கோதண்டம். உள்ளூர்ப் பையன்களுக்கும் முகாம் செலவிலேயே இலை.

ஆந்திர நாளில் பருப்போடு கடைந்த புளிச்சக்கீரைப் பப்பு. வேணு மீசையைத் தடவிக்கொண்டான். தமிழ் நாளில் புளிச்சக்கீரைக் கடையல். தங்கவேல் மார்பை நிமிர்த்தினான். இல்சா என்ற ஜெர்மன் பெண் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு ஏதோ கேட்டாள். ஸ்ரீகண்டன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். "நேத்துப் போட்டதும் இதேதானேன்னு கேக்குறாங்க."

பந்தியே இலையை விட்டு நிமிர்ந்தது.

"இன்னாது, இதேவா?" தங்கவேல் எழுந்துவிட்டான். "அந்தம்மாவுக்கு நாக்கு செத்துப்போச்சா?"

"அண்ணன் சொல்றது கரெக்ட்டு," என்றான் வேணு. தங்கவேலை அவன் அண்ணன் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "எங்க பப்பு எங்க, இது எங்க? நாளைக்கு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. கண்ணக் கட்டினாலும் நான் சொல்வேன்!"

"நானும் சொல்வேன்!"

கோதண்டம் கரண்டியோடு நின்றான். அவன் கடையில் நகரி பஸ்ஸில் இறங்கும் தெலுங்குக்காரனுக்கு அது பப்பு, அரக்கோணம் பஸ்ஸில் இறங்கும் தமிழனுக்குக் கடையல். அண்டா ஒன்றுதான். அதில் ஏமாற்று இருப்பதாக அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இப்போது ஒன்றில் பூண்டைக் கூட்டலாமா என்று யோசித்தான். கூட்டினால் அந்தக் கட்சிக்காரன் இது எங்களதே இல்லை என்பான். பேசாமல் ஒரே அண்டாவில் கடைந்து இரண்டு பாத்திரத்தில் மாற்றினான்.

மறுநாள் ஊரே திரண்டது. ஜெயம்மாள்கூட வந்து பந்தியில் உட்கார்ந்தாள். வேணுவுக்கும் தங்கவேலுக்கும் துண்டால் கண்ணைக் கட்டி, இல்சாவே ஊட்டினாள். முதல் பாத்திரத்திலிருந்து ஒரு கவளம்.

"ஆங், இது எங்க கடையல்! ஆத்தா கைமணம்!" என்றான் தங்கவேல்.

அதே பாத்திரத்திலிருந்து வேணுவுக்கு.

"இதி மாதே! இது எங்க பப்பு!"

துண்டை அவிழ்த்தார்கள். ஒரே பாத்திரத்தைப் பார்த்து இரண்டு பேரும் விழித்தார்கள். ஜப்பான்காரன் சிரித்துச் சிரித்து இலைமேலேயே சாய்ந்துவிட்டான்.

"யோவ் கோதண்டம், இத்தினி வருஷமா எங்கள ஏமாத்திகினு இருந்தியா?" என்றான் தங்கவேல்.

"நீ கேட்டத நீ துன்ன, அவன் கேட்டத அவன் துன்னான். ஏப்பம் ஒண்ணுதானேடா?"

தங்கவேல் அடிக்க எழுந்தான். வேணு அவன் கையைப் பிடித்தான். பிடித்த கை உடனே விடவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் கோதண்டத்தைத் திட்ட ஆரம்பித்தார்கள், ஒருவன் தமிழில், ஒருவன் தெலுங்கில். திட்டிக்கொண்டே மறுசோறு வாங்கினார்கள். மண் சுமந்து வராத ஒற்றுமை கோதண்டத்தை வைததில் வந்தது.

ஸ்ரீகண்டனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "ரெண்டு சமையல்னு சொல்லி ஒரே சமையலுக்குப் பணம் கேக்குறீரே?"

"இலைக்குத்தானே சாமி ஆறணா? பேருக்கா?"

பி.ஏ. இலைகளை எண்ணிக் கணக்குப் போட்டார். பணத்தை எடுத்து நீட்டினார்.

கோதண்டம் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே விறகுக்கடைக்கு நடந்தான். ஜெயம்மாள் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கைய நீட்டுக்கா."

ஈரத்தைச் சேலையில் துடைத்துவிட்டு உள்ளங்கையை விரித்தாள். நோட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தான். சில்லறையில் பத்தணாவோடு நிறுத்தினான்.

"ஆறணா கம்மியா கீதே?"

"இன்னிக்கு ஒரு இலை சோறு துன்னியே, அது?"

"அது முகாம் கணக்குடா பாவி! நான் சும்மா வந்தேனா, உன் அண்டாவுக்கு விறகு போட்டதே நான்தான்!"

கோதண்டம் சிரித்துக்கொண்டே மடியை அவிழ்த்தான். விரித்த கை விரித்தபடியே இருந்தது. ஓரணா ஓரணாவாக ஆறையும் அதில் எண்ணி வைத்தான்.