விளக்குக்கு வைத்த பொட்டு

அடையாறில் நான் கூட்டிப் பெருக்கும் கல்லூரியில் தவளை முட்டைக்குக் கதிர் காட்டுவார்கள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அது. புற ஊதா என்று பெயர். காட்டுகிறவள் தி. நகர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் மகள். ஆராய்ச்சி மாணவி.

விளக்கு ஒரு சப்பைப் பெட்டி. அதன் கண்ணாடி முகம் மேலே பார்த்தபடி கிடக்கும். தவளைக்கு ஊசி போட்டு முட்டையிட வைத்து, கதிரை உள்ளே விடுகிற முட்டைத் தட்டை அந்தக் கண்ணாடி மேல் வைப்பாள். கதிர் அடியிலிருந்து ஏறும். தலையும் முதுகும் எங்கே வரவேண்டும் என்று முடிவு செய்கிற சரக்கு புது முட்டையின் அடியில்தான் இருக்கிறதாம். கதிர் பட்டால் அது கெட்டுவிடும். முட்டை வளரும், ஆனால் வெறும் வயிறாக வளரும்.

"தின்ன மட்டும் பொறந்ததா?" என்று கேட்டேன்.

"வாயும் இருக்காது ஆயா."

"அப்ப அது என் மருமவன் இல்ல. அவனுக்கு வாய் நல்லா கீது."

சிரித்தாள். ஆனால் அந்த மழைக்காலத்தில் அவளுக்குச் சிரிப்பு குறைவு. மழை விட்டால் முட்டை கிடைக்காது. அதற்குள் முடிக்காவிட்டால் படித்தது போதும், கல்லாவில் வந்து உட்கார் என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஆயுத பூஜைக்கு அவளுடைய பேராசிரியை மயிலாப்பூர் வீட்டிலிருந்து சந்தனம் அரைத்துக் கொண்டுவருவார். மைக்ராஸ்கோப், ஃப்ரிட்ஜ், தவளைத் தொட்டி, என் துடைப்பம், எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்.

"தானா உதிரட்டும், துடைச்சுடாதே" என்பார்.

நானும் பொட்டைச் சுற்றித்தான் துடைப்பேன்.

பூஜை முடிந்து நல்ல மழை பிடித்தது. மாணவி முட்டைத் தட்டுக்குக் கதிர் காட்டினாள். சில நாளில் அவள் முகம் செத்துப்போனது. ஒரே தட்டில் பாதி வயிறு. மீதியெல்லாம் தலையும் வாலுமாக நேராக இருந்தது.

"விளக்கு போச்சு ஆயா. புதுசு வாங்குறதுக்குள்ள மழை போயிடும்."

"எரியுதே கண்ணு."

"எரியும். கதிர் வராது."

விளக்கை அவள் சும்மா விடவில்லை. கதிர் அளக்கும் கருவியைக் கடன் வாங்கிவந்து ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். கதிர் சரியாகத்தான் வந்தது. பிறகு தட்டையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நேரானவை முட்டை உறையைக் கிழித்து இன்னும் வெளியே வரவில்லை. ஒட்டிய இடத்திலேயே இருந்தன. கலந்து கிடக்கவில்லை. ஒரு வரிசையில் மூன்று கும்பலாக இருந்தன. தட்டைத் தூக்கி விளக்கின் மேல் பழையபடி பொருத்தினாள். மறுபடி தூக்கினாள்.

கண்ணாடி முகத்தில் மூன்று சந்தனப் பொட்டுகள் காய்ந்து கிடந்தன. அறை முழுக்கப் பொட்டு இருந்ததால் இந்த மூன்றும் யார் கண்ணிலும் படவில்லை.

"மேடம்கிட்ட யாரு சொல்றது?" என்றாள்.

"நீ சொல்லு. நான் வெளியே பெருக்கினு இருக்கேன்."

வாசலருகில்தான் பெருக்கினேன். எல்லாம் கேட்டது.  பேராசிரியை தட்டை வாங்கிப் பார்த்தார்.

"ஒரே தாய், ஒரே ஜலம், ஒரே தட்டு. பட்டது கெட்டிருக்கு, படாதது நன்னா இருக்கு. கதிராலதான் கெட்டதுங்கறதுக்கு இதைவிட சாட்சி வேணுமா? மழை இருக்கறச்சே திருப்பிப் பண்ணு."

"மறைக்கிறதுக்கு என்ன வைக்கட்டும் மேடம்?"

"அதையே வை. நாளைக்கு அரைச்சுண்டு வரேன்."

மறுபடி செய்தாள். இந்தத் தடவை நடுவில் ஒரே பொட்டு. சந்தனத்துக்கு மேலே இருந்தவை தலையோடு வந்தன. சுற்றிலும் இருந்தவை வயிறாக வந்தன. இன்னொரு ஜோடித் தவளையின் முட்டைக்கும் அதேபோல் வந்தது. அதோடு மழை நின்றது. ஆராய்ச்சியை எழுத உட்கார்ந்தவள் ஒரு வார்த்தைக்குத் திணறினாள்.

"சந்தனம்னா போடுறது ஆயா?"

"குங்குமம் வெக்கலன்னு கேக்கப்போறாங்களா?"

"கதிர் புகாத பூச்சு" என்று போட்டாளாம். பட்டம் கிடைத்தது. கல்லாவில் அவள் தம்பி உட்கார்ந்திருக்கிறான். அவள் அதே ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

அடுத்த ஆயுத பூஜைக்குப் பேராசிரியை கிண்ணத்தோடு வந்தார். விளக்கருகில் நின்று அவளைப் பார்த்தார். அவள் கண்ணாடியைக் கையால் மூடிக்கொண்டாள். பேராசிரியை குனிந்து, ஒயரில் ஒரு பொட்டு வைத்தார்.

"ஒயர்ல வெச்சா சாமி ஒத்துக்குமா மேடம்?" என்றேன்.

"ஒத்துப்பா. நீ துடைப்பத்தைக் கொண்டா."