வத்தல்மலையில் ஒரு பச்சைக் கதவு

இப்போது பலரும் பைக்கில் வத்தல்மலை ஏறிப் படம் எடுத்துப் போடுகிறார்கள். நான் முதலில் போனது எழுபதுகளின் நடுவில், ஒரு ஜனவரி சனிக்கிழமை. அன்று ரோடு இல்லை, கால்தான் வண்டி.

அப்போது தர்மபுரியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தேன். எங்கள் டாக்டர் சர்க்கரை நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து எழுதி வைக்கும் ஆராய்ச்சி ஒன்று நடத்தினார். வீட்டிலேயே சோதித்துக் குறிக்க ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை, சோதனைக் குழாய், ஸ்பிரிட் விளக்கு, நீல மருந்து ஒரு பாட்டில். மருந்தில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், பிறகு மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் சிவப்பு. அட்டையில் அந்தந்த நிறக் கட்டத்தில் கோடு போட்டால் போதும்.

வத்தல்மலைக் காளியப்பன் அட்டை முழுக்கப் பச்சை. ஆனால் மாதம் ஒரு முறை எங்கள் லேபுக்கு வந்தால் சிவப்போ சிவப்பு! வரும் வழியில் சந்தையில் ஜிலேபியை ஒரு பிடி பிடித்துவிட்டு வருகிறார் என்றே நினைத்தோம். அவர் கால் புண்ணோ ஆறவில்லை. அட்டையை நம்புவதா, லேபை நம்புவதா என்று தெரியாமல் டாக்டர் மாத்திரையைக் கூட்டவும் தயங்கினார். நான் ரிஜிஸ்டரில் அவர் பெயருக்கு நேரே "பொய் சொல்கிறார்" என்றே எழுதிவிட்டேன். திங்கட்கிழமை ஆராய்ச்சியிலிருந்தே அவர் பெயரை அடிப்பதாக இருந்தது. அதற்குள் நேரில் பார்த்து வரக் கிளம்பினேன்.

துணைக்கு என் அண்ணன் ஆரோக்கியசாமி. சேலத்தில் கல்லூரி வாத்தியார். திருவாதிரை நட்சத்திரம் நாளுக்கு நாள் மங்குவதையும் பிரகாசிப்பதையும் வெறுங்கண்ணால் பார்த்துக் குறிப்பது அவருக்குப் பைத்தியம். மலையில் வானம் தெளிவாக இருக்கும் என்று ஒட்டிக்கொண்டார்.

காலை 7.10க்கு பஸ். அடிவாரம் வரை ஆளுக்கு அறுபது பைசா. எங்கே போறீங்க என்று கண்டக்டர் கேட்க, அண்ணன் வெள்ளந்தியாக, "திருவாதிரை பாக்கப் போறோம்" என்றார்.

"அதான் போன மாசமே முடிஞ்சு, களியும் தின்னாச்சுங்களே சார்!"

பஸ்ஸே சிரித்தது. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

8.15க்கு ஏற ஆரம்பித்து, மூன்றரை மணி நேர ஏற்றம். வழியில் இரண்டு இடத்தில் ஊற்றுத் தண்ணீர். மேலே போனதும் அறுத்த சாமைக் காடு, நல்ல காற்று. "பச்சைக் கதவு போட்ட வூடுங்க, ஊருக்கே ஒண்ணுதான்" என்று காளியப்பன் லேபில் அடையாளம் சொல்லியிருந்தார். அரை மணி நேரம் சுற்றினோம். பச்சைக் கதவே இல்லை. இதிலும் பொய்யா என்று எனக்கு எரிச்சல் ஏறியது. கடைசியில் சிவப்புக் கதவு ஒன்றைத் திறந்துகொண்டு அவரே வந்தார்.

"வாங்க டாக்டரம்மா!" நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் கேட்கமாட்டார்.

என் கண் முன்னாலேயே சோதனை செய்யச் சொன்னேன். சுத்தமாகச் செய்தார். எட்டே சொட்டு. கொதித்தது. அச்சு அசல் செங்கல் சிவப்பு. குழாயைத் தூக்கிப் பார்த்து, "பச்சைங்க" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "கண்ணு முன்னாடியே இப்படிச் சொல்றீங்களே!"

அவர் முகம் சுருங்கிவிட்டது. அவர் மனைவி பொன்னி சமாதானத்துக்கு வந்தார். "வுடுங்கம்மா. மொளகா பறிக்கச் சொன்னா பழத்தையும் காயையும் ஒண்ணாப் பறிச்சுப் போடற ஆளு. எதுலயும் கவனமில்லீங்க."

அண்ணன் சட்டென்று கதவைப் பார்த்தார். "ஏனுங்க, இது என்ன கலரு?"

"பச்சைங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனிதர் பொய்யே சொல்லவில்லை. அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. அது அவருக்கும் தெரியாது, கட்டிய மனைவிக்கும் தெரியாது. நான் எழுதிய இரண்டு வார்த்தையை நினைத்து வெட்கமாக இருந்தது. பொன்னியோ, "இருபது வருசமா மொளகாய்க்குத் திட்டு வாங்குனீங்களே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சரி, இனி அவர் எப்படிச் சோதிப்பது? வழி சொன்னது அண்ணன்தான். "நான் திருவாதிரையோட கலரையா பாக்கறேன்? பக்கத்துல ரோகிணி இருக்கு. அதைவிட மங்கலா, பளிச்சுனு இருக்கானு மட்டும் பாக்கறேன். இவரும் அப்படியே பாக்கட்டும்."

சர்க்கரை கூடக் கூட மருந்து கலங்கிக்கொண்டே போகும், அது எனக்குத் தெரியும். அட்டையில் பேனாவால் தடித்த கோடு ஒன்று இழுத்து, சும்மா மருந்து மட்டும் உள்ள குழாயை அதன் முன் பிடித்தேன்.

"கோடு தெரியுதுங்க."

இப்போது அவருடைய குழாய்.

"கோடே காணோமுங்க!" என்றவர், நிதானித்து, "அப்ப எனக்குச் சர்க்கரை நெறையவா?" என்றார்.

"நிறையங்க."

"நான் ஏமாத்தலீங்களே?"

"இல்லவே இல்லை. தப்பு என்னோடது" என்றேன். அப்புறம்தான் அந்த முகம் தெளிந்தது.

சாயங்காலம் ஏழு மணிக்கு, கிழக்கே திருவாதிரையைப் பார்த்து அண்ணன் குறித்துக்கொண்டார். "ரோகிணியைவிட ஒரு பிடி பளிச்சுனுதானுங்க இருக்குது" என்றார் காளியப்பன், கேட்காமலே. அண்ணன் கணக்கும் அதேதான். அன்று ராத்திரி அவர்கள் வீட்டில் ராகிக் களியும் கீரையும். எனக்கு மூன்று கம்பளி.

திங்கட்கிழமை ரிஜிஸ்டரில் அந்த இரண்டு வார்த்தையை அடித்தேன், பெயரை அல்ல. மாத்திரை கூடியது. இரண்டு மாதத்தில் கால் புண் ஆறியது.

போகிறவர்களுக்கு: இன்று ரோடு இருக்கிறது, ஆனால் வளைவுகளில் நிதானம் வேண்டும். ஜனவரியில் ஸ்வெட்டர் இல்லாமல் ஏறாதீர்கள். நட்சத்திரம் பார்க்க ஆசையென்றால் அமாவாசையை ஒட்டிப் போங்கள். மலை ஊரில் வழி கேட்டால், நிறத்தை மட்டும் நம்பாமல் இன்னொரு அடையாளமும் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் ஞாயிறு காலை கிளம்பும்போது, காளியப்பன் அடுப்புக் கரியை எடுத்து வந்து அந்தக் கதவில் குறுக்கே தடிமனாக ஒன்று இழுத்தார்.

"அடுத்த தபா கோடு போட்ட வூடுன்னு கேளுங்க டாக்டரம்மா. அது எல்லாருக்கும் ஒண்ணாத்தான் தெரியும்."