சோதனைப் புத்தகமும் தண்ணீர் டிரம்மும்

லாரித் தண்ணீரை நம்பி வாழ்ந்த அந்த மே மாதத்தில் என் பெரிய கவலை தண்ணீர் அல்ல. பகலில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான். கணவருக்கு வெளியூரில் வேலை. எனக்குக் கிண்டியில் அலுவலகம். விடுப்பு எதுவும் மிச்சமில்லை. கிழக்குத் தாம்பரத்தில் மாடி வீட்டில் குடியிருந்தோம். கீழ் வீட்டு அக்கா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். ஐந்தாம் வகுப்பு முடித்த மகளையும் அவள் தம்பியையும் பார்த்துக்கொள்ள அவர் சம்மதித்தார். நிபந்தனை ஒன்றுதான்.

"சத்தம் மட்டும் கூடாதும்மா. ஊசி விரல்ல ஏறிச்சுன்னா உன்னைத்தான் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போகச் சொல்வேன்."

முதல் வாரமே பிள்ளைகள் இருவரும் சண்டை போட்டு எச்சரிக்கை வாங்கினார்கள். இன்னொரு முறை நடந்தால் அவர் கைகழுவிவிடுவார் என்று தெரிந்தது. அதனால் அவர்களைச் சத்தமில்லாமல் உட்காரவைக்கப் புத்தகம் தேடி, சனிக்கிழமை கிளை நூலகத்துக்குப் போனேன்.

அங்கே சிறுவர் நூல்கள் ஒரு கண்ணாடி பீரோவில் பூட்டிக் கிடந்தன. "பசங்க தொட்டா கிழிச்சிடுறாங்க மேடம்" என்றார் நூலகர். நான் பிள்ளைகளை அழைத்துவரவில்லை என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே சாவியை எடுத்தார்.

கிடைத்தவற்றை வகைப்படுத்தி எடுத்துவந்தேன். விடுகதைப் புத்தகத்தில் யாரோ புண்ணியவான் ஒவ்வொரு விடுகதைக்கும் கீழே மையில் விடை எழுதியிருந்தார். புள்ளிகளை இணைக்கும் புத்தகத்தில் எல்லாப் புள்ளிகளும் இணைந்திருந்தன. கதைப் புத்தகத்தை மகள் ஒரே மதியத்தில் முடித்து, முடிவைத் தம்பியிடம் சொல்லி, அதற்கும் ஒரு சண்டை. காகிதம் மடிக்கும் புத்தகம் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. வீடு முழுக்க நாளிதழ்க் கொக்குகள். பெருக்கியவள் நான்.

அடுத்த சனிக்கிழமை, வீட்டிலேயே செய்து பார்க்கும் அறிவியல் சோதனைகள் என்ற தடித்த புத்தகம் கிடைத்தது. அதை மின்சார ரயிலில் நின்றுகொண்டே ஒரு பக்கம் விடாமல் படித்தேன். தீக்குச்சி, பிளேடு, பேட்டரி என்று எது வந்தாலும் அந்தப் பக்கங்களைச் சேர்த்து ஜெம் கிளிப் போட்டுவிட்டேன். தண்ணீரும் வீட்டில் கிடக்கும் சாமானும் போதும் என்றிருந்த பக்கங்களை நிம்மதியாகத் திறந்துவிட்டேன். அந்தக் கோடையில், அந்தத் தாம்பரத்தில் இருந்துகொண்டு, அப்படி நினைத்திருக்கிறேன்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான டிரம் கீழே வாசலில், செங்கல் அடுக்கின் மேல் இருந்தது. மேடவாக்கம் பக்கமிருந்து லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். புத்தகத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்த அன்று காலைதான் வரிசையில் நின்று, குடம் குடமாகச் சுமந்து அதை நிரப்பிவிட்டு அலுவலகம் போயிருந்தேன்.

மாலை திரும்பியபோது அக்கா கேட்டருகே நின்றிருந்தார். பின்னால் பிள்ளைகள். பாதி வாசலில் ஈரம் இன்னும் காயவில்லை.

"இன்னாம்மா புக்கு குடுத்துட்டுப் போயிருக்கே? ரப்பர் டியூபை டிரம்முல வுட்டு, இன்னொரு முனையைத் தரையில போட்டு, மொத்தத்தையும் காலி பண்ணிட்டு நிக்குதுங்க!"

"தானாவே மேல ஏறி வெளிய வருதும்மா. மோட்டாரே இல்லாம!" என்றாள் மகள். அவள் முகத்தில் இன்னும் அந்த ஆச்சரியம் இருந்தது. தம்பி மட்டும் நிலைமை புரிந்து தரையைப் பார்த்தான்.

"நீங்க பாக்கலையாக்கா?"

"எங்க பாக்கறது? இன்னிக்கு ஒரு சத்தம் இல்லியே, புள்ளைங்க திருந்திடுச்சேன்னு சந்தோஷமா தச்சிக்கினு இருந்தேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குடங்களை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவில் கெஞ்சப் போனேன். கிடைத்ததில் முதல் குடத்தை அவர் சமையலறையில்தான் இறக்கினேன். பிறகு, கேட்கத் தைரியம் இல்லாமலே கேட்டேன்.

"நாளைக்கு அனுப்பட்டுமாக்கா?"

அவர் பல்லிடுக்கில் நூலை வைத்துக்கொண்டு யோசித்தார். அந்த நேரத்துக்குள் நான் மேலாளரிடம் சம்பளமில்லா விடுப்புக்குச் சொல்ல வேண்டியதை மனதில் எழுதி முடித்துவிட்டேன்.

"அனுப்பு. ஆனா புக்கு வேணாம்மா. புக்கு இல்லாதப்ப சண்டை போட்டுதுங்க, காதுதான் வலிச்சுது. இப்ப குடிக்கத் தண்ணி இல்ல. நான் டிவி போட்டு வுடறேன்."

சரி என்றேன்.

சனிக்கிழமை புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தேன். நூலகர் சோதனைப் புத்தகத்தைப் புரட்டி, "ஒண்ணுகூடக் கிழியலையே" என்று வியந்தார். "இதுக்கு ரெண்டாம் பாகம்கூட இருக்கு மேடம்."

"வேண்டாம் சார்."

வீடு திரும்பியபோது கீழ் வீட்டில் ஏதோ சீரியலில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். என் பிள்ளைகள் இருவரும் அக்காவின் தையல் மெஷின் பக்கத்தில் சம்மணமிட்டு, வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவையும் சேர்த்து மூவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளி திறக்க இன்னும் நாள் இருந்தது. நான் கூப்பிடாமல் மாடியேறிப் படுத்துக்கொண்டேன்.