செண்பகா மழையில் பொரி தூவிய மனை

செண்பகா இன்று காலை இறந்துவிட்டாள். அவள் தம்பி போன் செய்து, "உங்களுக்குத்தான்க்கா முதல்ல சொல்றேன்" என்றான்...

திருச்சி தென்னூரில் ஒரு ரியல் எஸ்டேட் ஆபீஸில் ஒன்றாக வேலை பார்த்தோம். அவள் சிவில் இன்ஜினியர், நான் லேஅவுட் பிளான் வரைபவள். மதியம் ஒரே டிபன் பாக்ஸ். சாயங்காலம் ஒரே டவுன் பஸ்.

ஆயுத பூஜை முடிந்ததும் மிச்சப் பொரியைப் பையில் கட்டி வைத்துக்கொள்வாள். மழை வந்ததும் சைட்டுக்குப் போய்த் தண்ணீரில் தூவி, எந்தப் பக்கம் மிதந்து போகிறது என்று பார்ப்பாள்.

"மேடம் மீனுக்குப் பொரி போடக் கிளம்பிட்டாங்க" என்பார் டிரைவர் அண்ணன்.

"வாங்கண்ணே, உங்களுக்கும் ஒரு கை போடறேன்."

ஸ்ரீரங்கத்தைத் தாண்டி ஒரு பழைய வாழைத் தோட்டம், மனை பிரிக்க வந்தது. நடுவிலிருந்த பள்ளத்தைப் பூங்காவாக விட்டால் மழைத் தண்ணீர் அங்கே நின்று, மெல்ல வாய்க்காலுக்கு வடிந்துவிடும் என்றாள். முதலாளி ஒப்பவில்லை.

"ஏம்மா, அதையும் மனையா பிரிச்சா என்ன?"

"பிரிக்கலாம் சார். மனைக்கு ஒரு பரிசல் ஃப்ரீன்னு நோட்டீஸ்ல போட்டுடுங்க."

"வேற இன்ஜினியரே ஊர்ல இல்லையா?" என்றார் அவர்.

அன்று பஸ்ஸில் அவள் தம்பியின் ஃபீஸ் கணக்கைப் போட்டுக்கொண்டே வந்தாள். தம்பி அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். அவள் சம்பளத்தில்தான் வீடு...

அந்த ஞாயிறு, மனை பார்க்க ஒரு வேன் நிறையக் குடும்பங்கள் வந்தன. நல்ல மழை. செண்பகா குடையைப் பிடித்தபடி தன்பாட்டுக்குப் பொரியைத் தூவினாள். அத்தனையும் மிதந்து போய்ப் பள்ளத்தில் வெள்ளையாக நின்றது.

உறையூர்க்காரர் ஒருவர் முதலாளி கொடுத்த பிளானைக் காட்டி, "இதுல என் மனை எதுங்க?" என்றார்.

"பொரி நிக்குது பாருங்க சார், அதான்."

அன்று ஒருவரும் அட்வான்ஸ் கொடுக்காமலே வேனில் ஏறிவிட்டார்கள்.

மறுநாள் முதலாளி என் டேபிளுக்கு வந்தார். அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார், "அந்தப் பள்ளத்தைப் பார்க்குன்னே வரைஞ்சு தொலைம்மா."

இப்போது நான் குடியிருப்பது அங்கேதான். போன மாத மழையில் பூங்காவில் முழங்கால் தண்ணீர்... தெருவில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். போட்டோ எடுத்து அனுப்பினேன்.

ஹாஸ்பிடலிலிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. மூச்சு வாங்கியது அவளுக்கு.

"ஊஞ்சலைக் கொஞ்சம் மேட்டுல வெச்சிருக்கணும்டி... புள்ளைங்க ஆட முடியாதே."

அசோசியேஷனில் பேசிவிட்டேன், செண்பகா. மாற்றி வைத்துவிடுவார்கள்... நீ கவலைப்படாமல் போய் வா.