முடிவாகும்வரை வாசலில் நின்ற கார்

பல் செட் செய்கிறவருக்குப் 'பார்க்கலாம்' என்று பட்டப்பெயர் வைத்தது அவருடைய மனைவியேதான். கல்யாணமான புதிதில் நாற்காலி வாங்கப் போனார்கள். கடையில் இருந்த அத்தனை நாற்காலியிலும் உட்கார்ந்து எழுந்துவிட்டு, "பார்க்கலாம்" என்று சொல்லி வெளியே வந்தார் மனுஷன். வீட்டுக்கு வந்து இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அக்கம்பக்கத்தில் பரவி, முன்பின் தெரியாதவர்கள்கூட வாசலில் நின்று "பார்க்கலாம் சார் இருக்காரா?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

தொழிலில் அது ஒரு குறையே இல்லை. பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், ஜன்னலை ஒட்டிய நீள மேஜையில் அவருக்கு வேலை. சுற்றிலும் அலமாரிகளில், வெள்ளை மாவில் வார்த்த ஊராரின் தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். மெழுகில் ஒரு பல்லை நடுவார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பிடுங்கி மறுபடி நடுவார். அரத்தால் ஒரு இழை கூடுதலாகத் தேய்த்துவிட்டால் போச்சு, மாட்டிக்கொண்டவர் 'ச' சொல்லும்போதெல்லாம் விசில் வரும். அதனால் அவருடைய நிதானத்தை டாக்டர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். வீட்டில் அதே நிதானத்துக்கு வேறு பெயர் இருந்தது.

மனைவி திரைச்சீலை தைப்பவள். வீடு வீடாகப் போய் அளவெடுத்து, தைத்து, கம்பியோடு மாட்டிவிட்டு வருவாள். ஆளுயரக் கம்பிகளை வாடகைக் காரின் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு போவதால், அவளோடு சண்டை போடாத டிரைவர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியும். லைசென்ஸும் இருந்தது. கார்தான் இல்லை.

இப்படி இருக்கையில் ஒரு நாள் அவருடைய அக்காவும் அத்தானும் சாப்பிட வந்தார்கள். அத்தான் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் டாக்டராகத் தேடி ஊர் ஊராகக் காரிலேயே அலைந்தவர்.

"மச்சான், நான் புதுக் கார் வாங்கிட்டேன். பழசை நீ எடுத்துக்கோ. சும்மாத்தான் தரேன்," என்றார் அத்தான்.

'சும்மா' என்ற சொல்லைக் கேட்டதும் பார்க்கலாம் சாப்பிடுவதை நிறுத்தினார். தண்ணீர் குடித்துவிட்டு, "எவ்வளவு ஓடியிருக்கு அத்தான்?" என்றார்.

"மூணு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர்." பிள்ளை வாங்கிய மார்க்கைச் சொல்வதுபோலப் பெருமையாகச் சொன்னார் அத்தான். "அதை ஓட்டம்னு சொல்லாதே. அனுபவம்னு சொல்லு. ஹைபிரிட் வேற. பாதி நேரம் பேட்டரியிலதான் ஓடும். பெட்ரோலை மோந்து பாத்தாலே போதும் அதுக்கு."

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற மனைவி, 'சரின்னு சொல்லுங்க' என்று கண்ணாலேயே கெஞ்சினாள், பிறகு மிரட்டினாள்.

"பார்க்கலாம்," என்றார் அவர்.

உள்ளே கரண்டி பாத்திரத்தில் விழுந்த சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் கிளினிக்குக்குப் பக்கத்தில் இருந்த மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக்கின் மேல்வரிசைப் பற்கள் முழுக்க இவர் கைவண்ணம்.

"பின் சீட்டுக்கு அடியில பெரிய பேட்டரி ஒண்ணு இருக்கும் சார். நாளைக்கே போனாலும் போகும், அஞ்சு வருஷம் ஓடினாலும் ஓடும்."

"உறுதியா ஒண்ணு சொல்லக் கூடாதா?"

"நீங்க செஞ்ச இந்தப் பல்லு எத்தனை வருஷம் வரும்?"

"அது நீங்க எப்படிக் கடிக்கிறீங்கங்கறதைப் பொறுத்தது."

"இதுவும் அதே கதைதான் சார்."

டாக்டரிடம் கேட்டார். நர்ஸிடம் கேட்டார். வாயைத் திறந்தபடி படுத்திருந்த நோயாளியிடம்கூடக் கேட்டார். அவர் 'ஆ' என்றார். அதை ஆமாம் என்று எடுத்துக்கொள்வதா கூடாதா என்பதிலேயே ஒரு சாயங்காலம் போயிற்று.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அக்கா, ஒரு நாள் காலை தானே காரை ஓட்டிவந்து தம்பி வாசலில் நிறுத்தினாள்.

"நீ நிதானமா முடிவு பண்ணுடா, யாரு வேணாம்னா? அதுவரைக்கும் இது இங்கயே நிக்கட்டும். எங்க வீட்ல புதுசையும் வச்சுகிட்டு இதையும் எங்க நிறுத்தறது?" என்றவள், சாவியைத் தம்பியிடம் தராமல் அவர் மனைவியின் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கே மனைவி கம்பிகளை ஏற்றிக்கொண்டு ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினாள். சத்தமே இல்லை. அணைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். அப்போதும் இல்லை. "வண்டி படுத்துடுச்சு போல," என்று எதிர்வீட்டுக்காரரும் அவர் மச்சினரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தள்ள வந்தார்கள். அவர்கள் கை படுவதற்குள் கார் பேட்டரியிலேயே பூனை மாதிரி நழுவிப் போய்விட்டது. நீட்டிய கையோடு இருவரும் நடுத்தெருவில் நின்றார்கள்.

பார்க்கலாம் மட்டும் காரில் ஏறவில்லை. ஏறினால் சம்மதம் என்று ஆகிவிடுமே! வழக்கம்போல பஸ் ஸ்டாப்பில் நின்றார். மனைவி அவர் பக்கத்தில் வந்து நிறுத்தினாள்.

"ஏறுங்க."

"இன்னும் முடிவாகல."

"முடிவாகாமலே ஏறுங்க."

வரிசையில் நின்ற ஓர் அம்மாள் தலையை நீட்டி, "அவர் வரலைன்னா நான் வரட்டுமாம்மா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் பையோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள். அடுத்த நாள் அவளோடு இன்னும் இரண்டு பேர். சில நாளில் அந்த ஸ்டாப்பின் கூட்டமே கார் வருகிற திசையைப் பார்த்து நிற்க ஆரம்பித்தது. பார்க்கலாம் காலியான பஸ்ஸில் ஜன்னலோரமாகத் தனியாகப் போனார்.

பிறகு ஒரு நாள், வீட்டில் வைத்து நட்ட மெழுகுப் பல் செட் ஒன்றைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பஸ் குலுக்கினால் பல் எல்லாம் இடம் மாறிவிடும்.

"பல்லுக்காகத்தான் ஏறறேன். நான் ஏறினதா எடுத்துக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு, தட்டை மடியில் வைத்து, மேலே துணி போட்டு மூடி உட்கார்ந்தார்.

சிக்னலில் நின்றபோது இன்ஜின் ஓசை அடியோடு அடங்கிற்று. தட்டில் ஒரு பல்கூட அசையவில்லை. சுற்றிலும் வண்டிகள் உறுமிக்கொண்டிருக்க, இந்தக் கார் மட்டும் அவரைப் போலவே யோசித்துக்கொண்டு நின்றது. அவருக்கு அது பிடித்துப்போயிற்று. வெளியே சொல்லவில்லை. மறுநாளும் தட்டோடு வந்தார். அதற்கடுத்த நாளும். ஒரு நாள் காற்றில் துணி விலகியது. தட்டில் ஒன்றுமே இல்லை. மனைவி ரோட்டைப் பார்த்து ஓட்டினாள், உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு விடுமுறை நாளில் அத்தான் வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"புதுக் கார் என்னை மதிக்கவே மாட்டேங்குது மச்சான். கொஞ்சம் இப்படித் திரும்பினா கத்துது, அப்படித் திரும்பினா கத்துது. உங்கக்கா ஒருத்தி போதாதா எனக்கு? நீதான் இன்னும் முடிவு பண்ணலையே, பழசை நானே எடுத்துட்டுப்..."

"தர முடியாது அத்தான்."

பேச்சு முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அத்தான் திறந்த வாயை மூடவில்லை. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு திரை மடித்துக்கொண்டிருந்த மனைவிக்குச் சிரிக்கவும் வழியில்லை, துப்பவும் வழியில்லை. எல்லாரையும்விட அதிர்ந்துபோனவர் பார்க்கலாம்தான்.

"எப்போடா முடிவு பண்ணினே?"

"இப்பத்தான் அத்தான்."

அத்தான் முறைத்தார். பிறகு, "சரி, வண்டியை உன் பேருக்கே மாத்திடலாம். ஆனா அன்னிக்கு ஒரு தடவை நான் ஓட்டுவேன்," என்றார்.

அப்படியே ஆயிற்று. பெயர் மாற்றும் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தார். நேரே வருவாரா? தன்னைக் காக்க வைத்த டாக்டர் ஒவ்வொருவரின் கிளினிக்கையும் தெருத்தெருவாகக் காட்டி, ஒவ்வொன்றின் முன்னாலும் நிறுத்தி, அந்த டாக்டரைத் திட்டிவிட்டுத்தான் நகர்ந்தார். பின் சீட்டில் திரைச்சீலை மூட்டையோடு நசுங்கிக் கிடந்த மனைவி, "அண்ணா, திரை மாட்டற வீட்டுல எனக்காகக் காத்துகிட்டிருப்பாங்க," என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

திரை மாட்ட வேண்டிய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்து நின்றாள். தாமதத்தை ஈடுகட்ட ஆண்கள் இருவரும் வேலையில் இறங்கினார்கள். மனைவி ஏணிமேல் நிற்க, கம்பியின் ஒரு முனையை அத்தான் தூக்கிப் பிடித்தார், மறுமுனை பார்க்கலாம் கையில்.

"உன் பக்கம் இறங்கியிருக்கு மச்சான்."

"இல்ல அத்தான், உங்க பக்கம்தான் ஏறியிருக்கு."

"ரெண்டு பேரும் வாயை மூடிட்டுப் பிடிங்க," என்றாள் ஏணிமேல் இருந்தவள்.