சொல்லாத விண்ணப்பம்

எங்கள் ஹார்ட்வெல்லில் ஒரு டிவி நிலையம் இருந்தது என்றால் பக்கத்து ஊர்க்காரன் நம்ப மாட்டான். அவன் மேல் தப்பில்லை. அதன் ஒளிபரப்பு அவன் ஊரை எட்டியதே கிடையாது. அமெரிக்காவின் ஆர்கன்சா மலைப் பள்ளத்துக்குள், ஊர் எல்லைத் தண்ணீர்த் தொட்டி வரை தெரியும். அதைத் தாண்டினால் படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அரசாங்கம் அனுமதித்த பலமே அவ்வளவுதான்.

எங்கள் சர்ச் சபையார் கோழி பொரித்து விற்றுத் தொடங்கியது அது. தீவனக் கடையில் வேலை பார்த்த வெண்டெல் கிராப்ட்ரீ கேமராவைப் பிடித்தார், அவர் மனைவி லவோனா பியானோ வாசித்தாள். அப்போதெல்லாம் பாட்டுக்குழுவில் இடம் பிடிக்க அடிதடி. பிறகு பழைய பாஸ்டர் வேறு ஊருக்குப் போனார், லவோனா இறந்துபோனாள், பாடியவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் வெண்டெல் கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு, ஓடிப்போய் அதன் முன்னால் உட்கார்ந்து, தானே மாலை ஜெபம் நடத்தினார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

எங்கள் சபைகளில் ஒரு வழக்கம். ஜெபம் கேட்பவர் காரணத்தைச் சொல்ல விரும்பாவிட்டால், "சொல்லாத விண்ணப்பம்" என்றால் போதும். மற்ற எல்லாவற்றையும் தோண்டித் துருவும் நாங்கள் இதை மட்டும் துருவ மாட்டோம். வெண்டெலுக்குத் தினமும் ஒரு பெண்ணிடமிருந்து ஒரே ஒரு போன் வரும். அது ஒளிபரப்பிலும் கேட்கும்.

"சொல்லாத விண்ணப்பம், பிரதர்."

"சரிம்மா, ஜெபிக்கிறேன்."

டொக்கென்று வைத்துவிடுவாள். பல வருஷமாக அவ்வளவுதான் பேச்சு. அந்தக் குரலுக்காகத்தான் மனுஷன் சட்டைக்கு இஸ்திரி போட்டார் என்று அடித்துச் சொல்வேன்.

புதிய பாஸ்டர் ட்ரென்ட் சின்னப் பையன், நல்லவன்தான்.

"எல்லாரும் இப்ப செல்போன்லயே ஆராதனை பாக்கறாங்க, பிரதர். இத யாருக்குக் காட்டறோம்?"

"ஒருத்தங்க பாக்கறாங்க."

"யாரு? பேரக் கேட்டுச் சொல்லுங்க, மூடாம விட்டுடறேன்."

அன்று மாலை அவள் கூப்பிட்டாள். பேரைக் கேளேன்யா என்று என் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன். "சரிம்மா, ஜெபிக்கிறேன்" என்றார். டொக்.

மூடும் நாளன்று பியானோவைத் தூக்கிப் போக நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். போன் வரவில்லை. வெண்டெல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேமராவை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னிக்கு எனக்கும் ஒண்ணு இருக்கு. சொல்லாத விண்ணப்பம்."

எனக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை. அப்போது போன் அடித்தது.

"சரி பிரதர்," என்றாள் அவள். "ஜெபிக்கிறேன்."

நேரம் முடிந்தது. ட்ரென்ட் மெதுவாகப் போய் ஒளிபரப்பை நிறுத்தினான். நாங்கள் பியானோவை வாசல் தாண்டித் தூக்கும்போது திரும்பிப் பார்த்தேன். வெண்டெல் ரிசீவரைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் இன்னும் வைக்கவில்லை.